லா பாஸில் முதல் இரண்டு நாள்: மூச்சு முக்கியம்

பொலிவியாவின் அரசியல் சாசனத் தலைநகர் சுக்ரே என்றாலும், அரசாங்கம் நடப்பது லா பாஸில்தான். முதுகுப்பையோடு வருகிறவர்களை இங்கே திருடனைவிட அதிகமாகப் படுத்துவது ஊரின் உயரம்தான்.

விமான நிலையம் எல் ஆல்டோவில், சுமார் 4,060 மீட்டரில். நகர மையம் 3,600, தெற்கே கலக்கோட்டோ பகுதி ஏறக்குறைய 3,200. முடிந்தால் முதல் இரவு அங்கே தங்குங்கள். இறங்கியதும் நன்றாகத்தான் இருக்கும். அதை நம்பிச் சுற்றக் கிளம்புவதுதான் தப்பு. தலைவலியும் குமட்டலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வரும். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்குங்கள், மது வேண்டாம். உயரத்தால் வரும் இந்தத் தொல்லையைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை எடுப்பதானால் ஏறுவதற்கு முந்தைய நாளே, மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படுத்திருந்தும் மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். கோக்கா இலைத் தேநீர் இங்கே சட்டப்படி சரி. ஆனால் இலையை ஊருக்குக் கொண்டுவராதீர்கள். குடித்தாலே சிறுநீர்ப் பரிசோதனையில் கோக்கைன் காட்டலாம்.

செங்குத்தான தெருக்களில் பையைத் தூக்கி ஏறாமல், 2014-ல் தொடங்கிய கேபிள் கார்களில் போங்கள். எல் ஆல்டோவிலிருந்து சிவப்புத் தடம் பழைய ரயில் நிலையத்தில் இறக்கிவிடும்.

விடுதியில் சமைப்பவர்களுக்கு: தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும், குக்கர் இல்லாவிட்டால் முட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று: டாலர் நோட்டில் சின்னக் கிழிசல் இருந்தாலும் மாற்ற மறுப்பார்கள்.