பில் கவுண்ட்டரிலிருந்து எம்.எச்.ஏ. வகுப்புக்கு

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு ஏழு வருடம் பஸ்ஸில் போய்வந்தேன். தனியார் மருத்துவமனை ஒன்றில் பில் கவுண்ட்டர் வேலை. டிஸ்சார்ஜ் என்று டாக்டர் காலை பத்து மணிக்கு எழுதிவிடுவார். மாலை நான்கு மணிக்கும் நோயாளி அதே கட்டிலில் உட்கார்ந்திருப்பார். உறவினர்களின் திட்டு எனக்கு விழும். அந்த ஆறு மணி நேரம் எங்கே போகிறது என்று தேடத் தொடங்கியதுதான் பி.காம். படித்திருந்த என்னை எம்.எச்.ஏ. என்ற மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பில் கொண்டுபோய் விட்டது. "அக்கா, அதில் எப்படிச் சேர்வது?" என்று தெருப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எம்.எச்.ஏ. என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. டெல்லி எய்ம்ஸில் மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பு எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் மருத்துவர் அல்லாத பட்டதாரிகளும் சேரலாம். தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் இதையே எம்.பி.ஏ.வின் ஒரு பிரிவாக வைத்திருக்கின்றன, எம்.பி.ஏ. என்றால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வை எழுதி வையுங்கள். எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுநிலை வேறு படிப்பு. குடியாத்தம் பஸ் கே.வி.குப்பத்தைத் தாண்டும்போது வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி 1977இல் தொடங்கிய ரூசா என்ற கிராம நல மையம் வரும். ஊர் ஊராகச் சென்று மக்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் அந்த மாதிரி வேலையில் நாட்டம் இருந்தால் எம்.பி.எச். படியுங்கள். ஒரு கட்டடத்துக்குள் ஆள், பணம், மருந்து, நேரம் ஆகியவை ஓடும் வழியைச் சரிசெய்ய ஆசை என்றால் எம்.எச்.ஏ.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள், அங்கே எத்தனை படுக்கை? பதில் சொல்லாமல் கண்ணாடிக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினால், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வாரம் கணக்குப் பழகுங்கள். எனக்கு முதல் நேர்காணல் இதில்தான் கவிழ்ந்தது. 'படுக்கை நிரம்பல் விகிதம் எப்படிக் கணக்கிடுவீர்கள்?' என்று கேட்டார்கள். ஏழு வருடம் பில் போட்டவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. 100 படுக்கை, 30 நாள். மொத்தம் 3,000 படுக்கை நாள். உள்நோயாளிகள் தங்கிய நாள்களைக் கூட்டினால் 2,400 என்று வையுங்கள். நிரம்பல் 80 சதவீதம். அந்த மாதம் வீட்டுக்குப் போனவர்கள் 480 பேர் என்றால் ஒருவர் சராசரியாக ஐந்து நாள் தங்கியிருக்கிறார்.

இப்போது என் ஆறு மணி நேரத்தை இதில் போடுங்கள். 480 பேர், ஆளுக்கு ஆறு மணி: 2,880 மணி நேரம், அதாவது 120 படுக்கை நாள். ஐந்து நாள் வீதம் இன்னும் 24 நோயாளிகளைப் படுக்கவைத்திருக்கலாம். ஒரு கட்டில்கூட வாங்க வேண்டியதில்லை! மருந்தகக் கணக்கு முடியவில்லை, காப்பீட்டு ஒப்புதல் வரவில்லை, டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் கையெழுத்து இல்லை என்று காகிதம் நின்ற இடங்கள்தான் காரணம். இரண்டாவது நேர்காணலில் இதை மட்டும் சொன்னேன். இடம் கிடைத்தது.

இன்னொன்று வரிசைக் கணக்கு. ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்தது: மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒருவர் சராசரியாக இருக்கும் நேரத்தால் பெருக்கினால், உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரிந்துவிடும். மணிக்கு 60 பேர், ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 120 பேர். நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை. துணைக்கு ஒருவர் என்றாலும் 240 நாற்காலி வேண்டும். ஏதாவது ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் காலை ஏழு மணிக்குப் போய், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்று எண்ணிப் பாருங்கள். படம் எடுக்காதீர்கள், யாருடைய சீட்டையும் எட்டிப் பார்க்காதீர்கள். வரிசையில் பாதிப் பேர் தவறான வரிசையில் நிற்பது கண்ணில் படும். சிகிச்சைக்காக வேலூர் வந்து பாபுராவ் தெரு விடுதிகளில் தங்கும் வங்காளக் குடும்பங்களைக் கவனித்தால் காரணம் புரியும்: பலகை அவர்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கும். கொஞ்சம் இந்தி, நாலு வார்த்தை வங்காளம் கற்றுக்கொண்டால் வேலூரில் அது சான்றிதழுக்குச் சமம்.

பணத்துக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். முழுக் கட்டணம், விடுதி, பயிற்சிக் காலச் செலவு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்; மூன்றாவதை நான் விட்டுவிட்டு, அப்பா லுங்கித் தறியில் சேர்த்த பணத்தில் கை வைத்தேன்.

வேலையில் இருப்பவர்கள் ராஜினாமா கொடுக்கும் முன் அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிவிடுங்கள். சேர்ந்த தேதி, விலகும் தேதி, பதவி, முத்திரை என ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். என்னுடையதில் சேர்ந்த வருடமே தவறாக இருந்தது. அதைத் திருத்தி வாங்க, ஊரறிந்த பில்காரியான நானே அந்தக் கவுண்ட்டர் முன்னால் மூன்று வாரம் வரிசையில் நின்றேன்.