பழைய வாட்ச் பளபளத்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்

பழைய பொருள் விற்கும் மலேசிய இணையத் தளங்களான கரோசெல்லிலோ மூடாவிலோ 'சீக்கோ 5 லாமா' (பழைய சீக்கோ 5) என்று தேடிப் பாருங்கள். ஆரஞ்சு, மயில் நீலம், கிளிப்பச்சை என்று வரிசையாக வரும். 'கொண்டிஷன் சுன்' (அருமையான நிலை), 'பாரு செர்விஸ்' (இப்போதுதான் சர்வீஸ் செய்தது) என்று கீழே எழுதியிருக்கும். ஐம்பது வயது வாட்ச்சின் டயல் நேற்று அச்சடித்த மாதிரி இருப்பதைப் பார்த்ததும் நம் கை நேராக 'வாங்கு' பொத்தானுக்குப் போகிறது. வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான்.

அந்த டயல் பெரும்பாலும் மறுபடி பெயிண்ட் அடித்தது. பழைய எச்.எம்.டி, சீக்கோ, ரிக்கோ, ஃபேவர் லூபா போன்றவற்றை இந்தியாவில் மலிவாக வாங்கி, டயலைச் சுரண்டி, புது நிறம் பூசி, பெயரை மறுபடி அச்சடித்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். சேகரிப்பவர்கள் இவற்றுக்கு 'பாம்பே ஸ்பெஷல்' என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். தெரிந்தே, அழகுக்காக, அதற்குத் தகுந்த விலையில் வாங்கினால் ஒரு குற்றமும் இல்லை. 'ஒரிஜினல் டயல்' என்று நம்பி வாங்கினால்தான் பணம் போகிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெயரின் எழுத்துகள் தடிமனாக, ஓரம் கசிந்த மாதிரி இருக்கிறதா? நிமிடக் கோடுகள், பதித்திருக்கும் மணிக் குறிகளின் நடுவில் வந்து நிற்காமல் கொஞ்சம் விலகி நிற்கிறதா? ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய பொடி எழுத்து காணாமல் போயிருக்கிறதா? மறுபடி அச்சடிப்பவர்கள் அதிகம் கோட்டைவிடுவது அந்தப் பொடி எழுத்தில்தான். வாங்குபவர்களும் அதைத்தான் பார்ப்பதில்லை.

சீக்கோவில் அந்த எழுத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. பின்மூடியில் 6119-8083 என்று இருந்தால், முதல் நான்கு இலக்கம் உள்ளே ஓடும் மெஷினின் எண், அடுத்த நான்கு கேஸின் எண். டயலின் அடியிலும் இதே மாதிரி ஒரு எண் பொடியாக இருக்கும். அதன் பின்பாதி கொஞ்சம் மாறலாம். முன்பாதி பொதுவாக மெஷினோடு ஒத்துப்போக வேண்டும். பின்மூடியில் 6119, டயலில் 7009 என்றால் இரண்டு வாட்ச்சை உடைத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பின்மூடியில் ஆறு அல்லது ஏழு இலக்கத்தில் தொடர் எண் ஒன்றும் இருக்கும். அதில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். 14 என்று தொடங்கினால் ஒன்றில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் ஏப்ரல். 6119 மெஷின் ஓடிய காலத்தைப் பார்த்தால் அது 1971. அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி என்ற ஆங்கில எழுத்துகள் வரும். விற்பவர் 'அப்பா 1965-இல் வாங்கியது' என்று கண் கலங்கக் கதை சொல்லலாம். பின்மூடி 1971 என்று சொன்னால் பின்மூடியை நம்புங்கள். இன்னொரு சின்னத் தடயம்: சீக்கோ 1970 வாக்கில்தான் 'வாட்டர் ப்ரூஃப்' என்று அச்சடிப்பதை விட்டு 'வாட்டர் ரெஸிஸ்ட்' என்று மாற்றியது. 1975-ஆம் ஆண்டுப் பின்மூடி உள்ள வாட்ச்சில் 'ப்ரூஃப்' டயல் இருந்தால் ஏனென்று கேளுங்கள்.

அப்புறம் இருட்டில் ஒளிரும் பூச்சு. சுவிஸ் வாட்ச்சுகளில் 1960கள் வரை நிஜ ரேடியம் பூசினார்கள், பிறகு டிரிட்டியம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம், ஆகவே 1970களின் பூச்சு இன்று கிட்டத்தட்ட அணைந்திருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள் என்றாலும், அதோடு கலந்த ஒளிரும் பொருள் எப்போதோ செத்திருக்கும். எனவே டார்ச் அடித்ததும் நெடுநேரம் பச்சையாக எரியும் 'அறுபதுகளின் வாட்ச்', பிற்பாடு பூசப்பட்டது. ஒளிராத ரேடியம் வாட்ச் ஆபத்தில்லாதது என்று எண்ணி வீட்டில் கத்தியை வைத்து நெம்பித் திறக்காதீர்கள். உதிரும் தூள் இன்னும் கதிர்வீச்சு உள்ளதுதான்.

பின்மூடியைத் திறந்து எடுத்த மெஷின் படம் இல்லாமல் பணம் கட்டுவது அடுத்த தவறு. 'திறக்கக் கருவி இல்லை' என்பார்கள். அப்படியென்றால் சர்வீஸ் செய்தது யார்? படம் வந்ததும் திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா, ஓரத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். 1970களின் சீக்கோ என்று சொல்லி உள்ளே 7எஸ்26 ஓடினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அந்த மெஷின் வந்ததே 1996-இல்.

'ஓடுகிறது' என்பதற்கு அனுப்பும் பத்து விநாடி வீடியோ எதையும் நிரூபிக்காது, குலுக்கினால் எந்த ஆட்டோமேட்டிக்கும் பத்து விநாடி ஓடும். இன்றைய தேதி எழுதிய தாளும் கைப்பேசி நேரமும் தெரிகிற மாதிரி ஒரு படம், 24 மணி நேரம் கழித்து இன்னொரு படம் கேளுங்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: வாட்ச் அவர் கையில்தான் இருக்கிறது என்பதும் தெரியும், எவ்வளவு முந்துகிறது பிந்துகிறது என்பதும் தெரியும். ஒரு நாளில் பல நிமிடம் முந்தினால் பயப்பட வேண்டாம், காந்தம் ஏறியிருக்கலாம். அதை எடுப்பது எளிது. மெதுவாகப் போய் நின்றுவிடுவதுதான் செலவு வைக்கும் நோய்.

பழைய குவார்ட்ஸ் வாட்ச்சுக்கு 'பேட்டரி போட்டால் ஓடும்' என்று எழுதியிருந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன். சில வெள்ளிக்குக் கிடைக்கும் பேட்டரியை அவரே போட்டு நல்ல விலைக்கு விற்றிருக்கலாமே!

நம் ஆட்களுக்கு ராடோ மோகம் தனி. அதன் டயாஸ்டார் மாடல் 1962-இல் வந்தது. அதன் பெருமையே கீறல் விழாத டங்ஸ்டன் கார்பைடு மேற்பகுதியும் சஃபையர் கண்ணாடியும்தான். மேற்பகுதி முழுக்கப் பொடிக் கீறலாக இருக்கும் டயாஸ்டாரை நான் நம்ப மாட்டேன், நிஜமானது கீறுவதை விட ஓரத்தில் சில்லு தெறிக்கவே வாய்ப்பு அதிகம். டயலில் உள்ள நங்கூரம் வாட்ச்சைச் சாய்க்கும்போது தானாகச் சுழல வேண்டும். அதையும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கும், இல்லை போலியாக இருக்கும்.

மற்ற ஸ்டீல் வாட்ச்சுகளில் விஷயம் தலைகீழ். கீறல் இருந்தால் பரவாயில்லை. பாலிஷ் போட்டுப் போட்டு ஓரங்கள் மழுங்கிப் போனால் பழைய வடிவம் திரும்பாது.

பினாங்கின் ஈரக் காற்றில் அலமாரிக்குள் பல வருடம் கிடந்த வாட்ச்சுக்கு டயலில் புள்ளி புள்ளியாகக் கறை வருவது சகஜம். அது ஒப்பனை இல்லாத முகம், எனக்குப் பிடிக்கும். கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்த தடம் இருந்தால் மட்டும் விலகுங்கள். டயலில் எத்தனை மீட்டர் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் என்றோ இறுகியிருக்கும். வாங்கிக் கட்டிக்கொண்டு பத்து ஃபெரிங்கி கடலில் இறங்கிவிடாதீர்கள்.

விலையை ஒப்பிடும்போது சர்வீஸ் செலவைக் கூட்டாமல் விடுகிறோம். மலிவான சீக்கோவுக்கு அது வாட்ச் விலையையே தாண்டக்கூடும். அஞ்சடியில் (கடைகளின் முன்னால் உள்ள நடைபாதையில்) சின்ன மேசை போட்டிருக்கும் உங்கள் ரிப்பேர்காரரிடம் மெஷின் எண்ணைச் சொல்லி, பாகம் கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால், 500 ரிங்கிட் வரையிலான பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

உள்ளூர் விற்பனையாளர் என்றால் சி.ஓ.டி கேளுங்கள். நேரில் பார்த்து, சாவி கொடுத்துப் பார்த்து, காசு கொடுக்கலாம். கண் பழக வேண்டும் என்றால் காலையில் பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் நாலு பழைய வாட்ச்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். நேரில் முடியாது என்றால் தளத்துக்குள்ளேயே பணம் கட்டுங்கள். 'வாட்ஸ்அப்பில் வாங்க, குறைத்துத் தருகிறேன்' என்று இழுத்தால், அவர் தரும் வங்கிக் கணக்கு எண்ணைப் மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏமாற்று என்று தெரிவதற்குள் பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997-ஐ அழையுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரை வழக்கு எடுக்கும், ஆனால் அது வியாபாரிக்கு எதிராக. தன் அப்பாவின் வாட்ச்சை விற்கும் தனிநபர் மீது அங்கே போக முடியாது.