இருமல் எத்தனை நாளில் நிற்கும்? அதற்குள் நாம் செய்யும் தவறுகள்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கிவிட்டால், கடலூரில் என் கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப் பேர் இருமலோடுதான் வருவார்கள். போன வருடம் முதுநகரிலிருந்து வந்த மீன் விற்கும் அம்மா ஒருவர், சுருக்குப் பையைத் திறந்து மாத்திரை அட்டைகளை என் மேஜையில் வைத்தார். அசித்ரோமைசின், காலி. செஃபிக்சிம், நான்கு மீதி. மூன்றாவது லீவோஃப்ளாக்சசின், கடையில் வெட்டிக் கொடுத்ததில் பாதிப் பெயர்தான் இருந்தது.

"எல்லாம் பவர் மாத்திரதான் டாக்டரம்மா, இருமல் நிக்கலியே. பதினாறு நாளாச்சு. ஒரு ஊசி போட்டுடுங்க."

சளி பிடித்து வரும் சாதாரண இருமல் அடங்க எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. அமெரிக்காவில் 2013ல் வெளியான ஆய்வு ஒன்று இதைப் பார்த்தது. ஒரு வாரம், மிஞ்சினால் 9 நாள் என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள். உண்மையில் சராசரி ஏறக்குறைய 18 நாள். தவறுகள் எல்லாம் இந்த இடைப்பட்ட நாட்களில்தான் நடக்கின்றன. 5ஆம் நாள் ஒரு மாத்திரை, 9ஆம் நாள் இன்னொன்று. கடைசியில் இருமல் தானாக அடங்கும்போது, அன்றைக்கு எதைச் சாப்பிட்டோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். அடுத்த பனிக்கும் அதையே கேட்டு வாங்குவோம்.

இந்த இருமலில் பெரும்பாலானது வைரஸால் வருவது. அந்த அம்மா கொண்டுவந்த மூன்றும் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக். அது வைரஸை ஒன்றும் செய்யாது. ஐரோப்பாவில் 12 நாடுகளில் 2,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சேர்த்து, நிமோனியா சந்தேகம் இல்லாத இருமலுக்குப் பாதிப் பேருக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்குக்கூட இருமல் சீக்கிரம் நிற்கவில்லை. குமட்டல், பேதி, தடிப்புதான் அமாக்சிசிலின் சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். சளி பச்சையாக வந்தால் பாக்டீரியாதான் என்று முடிவு கட்டுவதும் சரியில்லை. கிருமியோடு போராடும் நம் வெள்ளை அணுக்களில் இருக்கும் நொதியின் நிறம் அது.

அந்த மூன்றாவது அட்டைதான் எனக்குப் பயமாக இருந்தது. லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் தாக்கும். உள்ளே காசநோய் இருந்தால் சில நாள் அமுங்கிக் கிடக்கும், கண்டுபிடிப்பது தள்ளிப் போகும். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டால் பிறகு வைத்தியம் இன்னும் கடினம். நம் நாட்டில் 2 வாரம் தாண்டிய எந்த இருமலுக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். சராசரி 18 நாள் என்று சொன்ன நானே இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காதுதான். ஆனால் இருக்கும் ஒருவரைத் தவறவிட்டால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவும். அதனால் 15ஆம் நாள் தேவைப்படுவது இன்னொரு ஆன்டிபயாடிக் இல்லை, சளிப் பரிசோதனை. கடலூரோ புதுச்சேரியோ, அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அதிலும் ஒரு தவறு நடக்கிறது. டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியாக வருவதுதான் சளி.

சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், எடை குறைதல், இரவு வியர்வை, விடாத காய்ச்சல் இருந்தால் 2 வாரம் வரை காத்திருக்கவே வேண்டாம்.

அப்புறம், பிரஷர் மாத்திரை. எனாலப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். இருமலுக்கு வரும்போது அந்த அட்டையையும் கொண்டுவந்து காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வேறு மாத்திரை மாற்றித் தரலாம்.

அந்த அம்மாவிடம் செஃபிக்சிம் ஏன் மீதி என்று கேட்டேன். "பேரனுக்கு வச்சிருக்கேன், அவனுக்கும் சளி" என்றார். பேரனுக்கு மூன்று வயது. பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கடையில் கேட்டு வாங்கும் சளி சிரப்பும் வேண்டாம். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023ல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் 2025ல் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்து, சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் போதும். இரவு இருமல் குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஒரு வயதுக்குள் மட்டும் தேன் நாக்கில் படவே கூடாது, சேனை வைக்கிறோம் என்றாலும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து உடலையே தளர்த்தும் விஷத்தை உண்டாக்கும்.

பேரனைக் கூட்டிவரச் சொல்லும்போது அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தேன். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனால், விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், பால் குடிக்க முடியாமல் துவண்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அவருக்குக் கடிகாரம் பார்த்துப் பழக்கமில்லை. போனில் ஒரு நிமிட அலாரம் வைக்க நர்ஸ் சொல்லிக்கொடுத்தார்.