வயதான போனி இளைத்தால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள்

மலேசியாவில் உலு லங்காட், சுங்கை பூலோ பக்கத்துச் சின்ன லாயங்களில் கிழட்டுப் போனி, அதாவது குட்டை இனக் குதிரை, ஒன்றாவது நிற்கும். பிள்ளைகள் ஏறி விளையாடட்டும் என்று வாங்கியது. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், போனிக்கு வயது 25 தாண்டிவிட்டது. விலா தெரிய ஆரம்பித்ததும் எனக்குப் போன் வரும்: "அண்ணே, நல்லாத்தான் சாப்பிடுது, உடம்புதான் ஏறல."

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், பூசணம் பிடித்ததைப் போடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே நடக்கிற தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன்.

இளைத்ததும் இனிப்புத் தீவனம்

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. விலா தெரிந்த மறுநாளே தீவனக் கடைக்கு ஓடி, மொலாசஸ் பிசுபிசுக்கும் கலவை ஒரு மூட்டை தூக்கி வருவார்கள். அரை வாளி ஒரு வாளியாகும். போனியும் ஆசையாகத் தின்னும். மூட்டை தீருமே தவிர உடம்பு ஏறாது.

காஜாங் பக்கம் ஒரு வீட்டில் இதுதான் நடந்தது. அங்கிருந்த சைஸ் (குதிரை பராமரிப்பாளர்), "புல்லைத் துப்புது முதலாளி" என்று பல தடவை சொல்லியிருக்கிறார். யார் காதிலும் விழவில்லை. நான் போனபோது தொட்டிக்கு அடியில் பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தன. கோழிமுட்டை அளவு, எச்சில் ஊறிப் போய். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். நார் விரல் நீளத்துக்கு அப்படியே முழுசாக இருந்தது. லத்தியை உடைத்தால் அதிலும் நீள நார்.

குதிரையின் கடைவாய்ப் பல் ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து தேய்ந்துகொண்டே இருக்கும். வயதானால் உள்ளே இருக்கும் கையிருப்பு தீர்ந்து, பல் வழுவழுப்பாகிவிடும், சில விழுந்தே போகும். உதட்டைத் தூக்கி முன்பல்லைப் பார்த்துவிட்டு "பல்லு நல்லா இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. அரைக்கும் வேலை முழுவதும் கடைவாயில்தான்.

மெல்ல முடியாத வாய்க்குத் தானியத்தை வாளி வாளியாகக் கொட்டினால் என்ன ஆகும்? சிறுகுடல் செரிக்கும் அளவுக்கு மேல் போன மாவுச்சத்து பெருங்குடலில் போய்ப் புளிக்கும். போனிகளுக்கு இன்சுலின் தொல்லை வேறு சுலபமாக வரும். கடைசியில் லேமினைடிஸ், அதாவது குளம்பு அழற்சி. அந்தக் காஜாங் போனி முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது. குளம்பு சுட்டது, அதற்கு மேலே நாடி என் விரலில் திம் திம்மென்று தட்டியது. எக்ஸ்ரே, மருந்து, லாடக்காரர் என்று ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) போனது. பல் பார்க்க அதில் கால்வாசிகூட ஆகியிருக்காது. இவ்வளவுக்கும் பிறகு வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது: "வேற பிராண்டு தீவனம் மாத்திப் பார்க்கலாமா?"

ஆகவே முதலில் டாக்டர். வாய்விரிப்பான் போட்டுக் கடைவாயைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வயதான போனிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பார்ப்பது நல்லது. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் குதிரைகளையும் பார்ப்பார்கள்.

பிறகுதான் வாளி. அதிலும் மெல்லத் தேவையில்லாத நார்ச்சத்துதான் முதலில். 200 கிலோ போனிக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ, ஊறவைப்பதற்கு முந்தைய எடையில். லூசர்ன் கியூப் (குதிரை மசால் தழையைக் காயவைத்து அழுத்திய கட்டி), மொலாசஸ் சேராத பீட் பல்ப் (சர்க்கரை பீட் கிழங்குச் சக்கை) இரண்டும் சரி. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி, கையால் பிசைந்தால் நடுவில் கட்டி தட்டுப்படாத வரை ஊற வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் காலையில் ஊறியது சாயங்காலம் புளித்துப் போகும். அதனால் வேளைக்கு வேளை ஊற வைத்து, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கொழுப்பு சேர்க்க வேண்டுமானால் சமையல் எண்ணெயைச் சிறிதளவில் தொடங்கி, ஓரிரு வாரத்தில் மெல்லக் கூட்டலாம். ஊறவைத்த கொப்பரைப் பிண்ணாக்கிலும் மாவுச்சத்து குறைவு.

ஊறாத கியூப்

தொண்டை அடைத்துக்கொள்ளும். மூக்கில் பச்சையாக நுரை வழிந்தால் தீவனத்தையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நேப்பியர் புல்லும் தவிடும்

மாட்டுக்காரர்கள் சொல்லிக் கொடுப்பது இது. மாட்டுக்குச் சரி. நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள கிருமிகள் அதைச் சமாளித்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டிலோ பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். மாதக்கணக்கில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். முக எலும்பு வீங்கும், கால் நொண்டும், பல்லும் ஆடும். ஏற்கெனவே பல் போன கிழத்துக்கு இது தேவையா? சிக்கு வாடை அடிக்கும் தவிட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தொப்பையைப் பார்த்து ஏமாறுவது

வயிறு தொங்கும், முதுகுச் சதை வற்றியிருக்கும். விலாவிலும் முதுகுத்தண்டிலும் கையை வைத்துத் தடவினால்தான் நிலைமை தெரியும். அதோடு கோலாலம்பூர் வெயிலிலும் உதிராத நீள முடி இருந்தால் அது குஷிங் எனும் ஹார்மோன் நோயாக இருக்கலாம். முடியைக் கத்தரித்துவிட்டால் நோய் போய்விடாது. ரத்தத்தில் ஏசிடிஎச் எனும் ஹார்மோன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நோய் உறுதியானால் பெர்கோலைடு மாத்திரை தினமும் கொடுக்க வேண்டும். தீவனத்தை எவ்வளவு மாற்றினாலும் அதற்கு ஈடாகாது.

கண்ணளவில் எடை

தினமும் பார்க்கிற கண்ணுக்கு இளைப்பது தெரியாது. தையல் டேப் போதும், எட்டாவிட்டால் கயிற்றால் சுற்றி அளக்கலாம். நெஞ்சுச் சுற்றளவு × சுற்றளவு × தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் ÷ 11,880. எல்லாம் சென்டிமீட்டரில். சுற்றளவு 140, நீளம் 125 என்றால் சுமார் 206 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே ஆள் அளக்கட்டும்.

இளசுகளோடு ஒரே தொட்டி

தனியாகக் கட்டுங்கள். கிழம் ஆற அமரத் தின்னும், இளசு தன் பங்கை முடித்துவிட்டு அதன் பங்குக்கும் வந்துவிடும்.