நல்லூர்க் கொடியேற்றத்தோடு குடியை விடுகிறவர்களுக்கு

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறும் அன்று மச்ச மாமிசத்தோடு குடியையும் நிறுத்துவது யாழ்ப்பாணத்தில் பழைய வழக்கம். எப்போதாவது கள்ளுத் தவறணைப் பக்கம் போகிறவருக்கு அதில் பயமில்லை. ஆனால் காலையில் கொஞ்சம் ஊற்றினால்தான் தேத்தண்ணிக் கோப்பையைச் சிந்தாமல் பிடிக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது பெரும் பிழை. சாராயமோ கள்ளோ, மூளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற இரசாயனத்துக்கு மதுசாரம் துணைபோகும். உசுப்பிவிடும் குளுட்டமேற்றை அமுக்கும். தினமும் குடித்தால் மூளை அதற்கு ஈடாக உசுப்பும் பக்கத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். துலாவின் ஒரு முனையில் நிற்பவர் சட்டென்று குதித்தால் மற்ற முனை என்னவாகும்? அதுதான் நடக்கிறது. 6 மணித்தியாலத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் 48 மணித்தியாலத்துக்குள் வரும். மூன்றாம் நாளளவில் சிலர் சுவரில் பூச்சி ஊருது என்பார்கள், இல்லாத ஆளோடு கதைப்பார்கள். பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்டக் கூட்டிப்போகாதீர்கள், உயிர் போகக்கூடிய கட்டம் அது. உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள்.

இந்த நிலைக்கு வராமல் விடலாம். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ மனநலப் பிரிவில் முதலே காட்டினால், நடுக்கத்தை அடக்கும் குளிசையைத் தந்து படிப்படியாகக் குறைப்பார்கள். விற்றமின் பி1உம் தருவார்கள். நெடுநாள் குடித்தவருக்கு அது குறைந்தால் ஞாபகமே பழுதாகும்.

இன்னொன்று, குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் குளிசையை அவருக்குத் தெரியாமல் சொதிக்குள் கலப்பது. அதன்மேல் குடித்தால் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தம் விழுதல், சிலவேளை மரணமே. வீட்டுக்காரரின் ஆற்றாமை விளங்குகிறது. ஆனாலும் வேண்டாம்.

சரி, திருவிழாவின் 25 நாளும் தாண்டி, தீர்த்தமும் முடிந்து கொடி இறங்கிவிட்டது. “இனி ஒன்று அடித்தால் என்ன?” என்ற கேள்வி அப்போதுதான் வரும். பின்னேரம் ஆறு மணி, அதே ஒழுங்கை, புளித்த கள்ளு மணம், பழைய கூட்டாளியின் சைக்கிள் மணி எல்லாவற்றையும் மூளை இன்பத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. கண்ட மாத்திரத்தில் டோபமீன் ஊறும். ‘வேண்டாம்’ சொல்ல வேண்டிய முன்மூளை தேற மாதங்கள் பிடிக்கும். இதை வெறும் ரோஷத்தால் வெல்லச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் தவறணை ஒழுங்கையை விட்டு, வயல் பக்கமாகச் சுற்றித்தான் வீடு போகிறார். கேட்டால், “அங்கால நல்ல காத்து” என்பார்.