சோலார் தரவு ஓசியில் கிடைக்கிறது, படிக்கும்போதுதான் வழுக்குகிறோம்

மாடியில் சோலார் போடப்போகிற சொந்தக்காரர் யாராவது கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு "கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா" என்று கேட்பது எனக்கு மாதம் ஒருமுறையாவது நடக்கிறது. போன வாரம் மாமா அனுப்பியதில் 3 கிலோவாட்டுக்குத் தினமும் 16 யூனிட் வரும் என்று எழுதி, நம்பிக்கைக்காக ஒரு வரைபடத்தையும் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார்கள். உலக வங்கி வெளியிடும் குளோபல் சோலார் அட்லஸிலிருந்து எடுத்த படம் அது. படம் நிஜம், அதிலிருந்த எண்ணும் நிஜம். ஆனால் அந்த எண் வேறு எதற்கோ உரியது.

சென்னைப் பக்கம் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளைக்கு விழும் வெயில் சுமார் ஐந்தரை யூனிட். அதை அப்படியே 3-ஆல் பெருக்கினால் பதினாறரை வந்துவிடும். ஆனால் அது வானத்திலிருந்து இறங்கும் வெயில், மீட்டரில் ஏறும் மின்சாரம் அல்ல. பேனலில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும் ஆய்வுக்கூட நிலைக்கானது. மே மாத மொட்டைமாடியில் செல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போனாலே எட்டில் ஒரு பங்கு காலி, அப்புறம் தூசி, ஒயர், இன்வெர்ட்டர் என்று ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். கடைசியில் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நாலு யூனிட், சில இடங்களில் அதைவிடச் சற்று கூட. வேடிக்கை என்னவென்றால், இந்த இழப்பையெல்லாம் கழித்த மின் உற்பத்திக் கணக்கு அதே அட்லஸில் தனி வரியாகவே இருக்கிறது. ஒரு வரி தள்ளிப் பார்த்திருந்தால் போதும்.

இதற்கு அடுத்தபடியாக நான் பார்க்கும் தப்பு, செயற்கைக்கோள் தரவைத் தன் வீட்டு மாடித் தரவு என்று நம்புவது. நாசாவின் பவர் (POWER) என்ற இணையதளத்தில் எந்த ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தாலும் பல ஆண்டுகளுக்கான வெயில் கணக்கு இலவசமாக வரும், நல்ல விஷயம்தான். ஆனால் அதன் சூரியக் கதிர்வீச்சுக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு டிகிரி அகலம், அதாவது பக்கத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். மலையும் அடிவாரமும் ஒரே கட்டத்தில் விழுந்தால் இரண்டுக்கும் ஒரே எண்தான். பக்கத்து வீட்டுத் தென்னையும் உங்கள் தண்ணீர்த் தொட்டியும் மூன்று மணிக்குப் போடும் நிழல் அதில் எங்கே தெரியப்போகிறது? நிழலைச் சாயங்காலம் மாடி ஏறித்தான் பார்க்க வேண்டும்.

ஆண்டுச் சராசரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பேனல் நன்றாகவே உழைக்கும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்து மேகம் மூடினால் பாதிக்குக் கீழே போகிற நாட்களும் உண்டு. கரண்ட் பில்லோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆகவே பன்னிரண்டு மாதக் கணக்கையும் தனித்தனியாக எடுத்து, நம் பில் காலத்தோடு இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள்.

சரி, வெயில் கணக்கு இவ்வளவுதான். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது திட்டத் தரவு, அதாவது யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குக் கிடைத்தது, எவ்வளவு செலவானது என்ற கணக்கு. அதில்தான் பெரிய ஆட்களும் தடுக்கி விழுகிறார்கள். வீட்டு மாடியில் சோலார் போட மானியம் தரும் பிரதமரின் சூர்யகர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. இலக்கு ஒரு கோடி வீடுகள், ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், 3 கிலோவாட் போட்டால் மானியம் 78,000 ரூபாய். ஒரே மாதத்தில் ஒரு கோடிக்கு மேல் பதிவு என்று செய்தி வந்ததும் இலக்கையே முடித்துவிட்டது போலப் பலர் பகிர்ந்தார்கள். உண்மையில் பேனல் ஏறிய வீடுகள் பத்து லட்சத்தைத் தொட்டது 2025 மார்ச்சில்தான். பதிவு, விண்ணப்பம், பேனல் பொருத்தியது, மானியம் வங்கிக்கு வந்தது, எல்லாம் வேறு வேறு படிகள். ஒரு எண்ணைப் பார்த்தவுடன் இது எந்தப் படியை எண்ணுகிறது என்று கேட்காமல் பகிர்ந்தால், தப்புச் செய்தியைத்தான் பரப்புகிறோம்.

இந்தப் படிகளை ஒழுங்காக வெளியே வைத்த ஒரு திட்டம் என்றால் எனக்கு கலிபோர்னியா சோலார் முன்முயற்சிதான் ஞாபகம் வரும். 2007-இல் தொடங்கியது, இலக்கு 1,940 மெகாவாட். எவ்வளவு மெகாவாட் சேர்ந்ததோ அதற்கேற்ப மானியம் படிப்படியாக இறங்கியது, வீடுகளுக்கு வாட்டுக்கு இரண்டரை டாலரில் ஆரம்பித்து இருபது சென்ட் வரை. அப்போதைய படியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்க முடிந்தது, அதனால் "இன்றே கையெழுத்துப் போடுங்கள், நாளைக்கு மானியம் போய்விடும்" என்ற விற்பனைப் பேச்சைச் சரிபார்க்க வழி இருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அளவு, மொத்தச் செலவு, மானியத் தொகை, பேனல் தயாரிப்பு, பொருத்திய நிறுவனம் எல்லாம் ஒரு வரியில் கிடைத்தன. கைவிடப்பட்ட விண்ணப்பங்களும் அப்படியே இருந்தன. வெற்றிகளை மட்டும் வெளியிட்டு, பாதியில் போனவர்களை அழித்துவிடுவது தரவு வெளியிடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு என்பேன். எந்தப் படியில் ஜனங்கள் சலித்துப்போய் விலகினார்கள் என்பது அந்த வரிகளில்தான் தெரியும்.

அந்தத் தரவிலும் கண்ணை மூடிக்கொண்டு சராசரி போட்டால் மாட்டிக்கொள்வோம். வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கிய அமைப்புக்குச் செலவு என்று எழுதியிருப்பது அவர் கொடுத்த விலை. குத்தகைக்குப் பேனல் போட்ட சில நிறுவனங்கள் விற்பதும் பொருத்துவதும் தாங்களே என்பதால், விலை என்ற இடத்தில் தாங்களே மதிப்பிட்ட தொகையை எழுதின. அமெரிக்கா முழுவதுக்குமான சோலார் விலைத் தொகுப்பை வெளியிடும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம், விலை ஆய்வு செய்யும்போது இப்படிப்பட்ட வரிகளைப் பிரித்து ஒதுக்கியே கணக்குப் போட்டது. ஒரே பெயருள்ள ஒரே நெடுவரிசை, உள்ளே இரண்டு வகை எண்கள். பேனல் தரும் டிசி (நேர்மின்சார) அளவையும், அதை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் ஏசி (மாறுமின்சார) அளவையும் கலப்பதும் இதே ரகம்தான்.

இன்னொன்று, கிரிட் (ஊருக்கெல்லாம் மின்சாரம் கொண்டுபோகும் பொது மின்வலை) தரவில் சோலார் குறைவாகத் தெரிந்தால் உற்பத்தி குறைவு என்று முடிவு கட்டுவது. மாடியில் உற்பத்தியாகி அந்த வீட்டிலேயே செலவான யூனிட் கிரிட்டைத் தொடுவதே இல்லை, அங்கே தேவை குறைந்தது போலத்தான் தெரியும். பிரிட்டனில் இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் குழு நாடு முழுவதுக்குமான சோலார் உற்பத்தியை அரை மணிக்கு ஒருமுறை மதிப்பிட்டு, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறது.

தரவைத் திறந்துவிட்டோம் என்று சொல்லி, ஸ்கேன் செய்த பிடிஎஃப் அட்டவணையை மேலே ஏற்றுவதைப் பற்றி என்ன சொல்ல? மாநில மொத்தத்தை மட்டும் போடுவதும் அதே கதைதான். கேட்டால் தனியுரிமை என்பார்கள். கலிபோர்னியாவில் பெயரையும் வீட்டு முகவரியையும் எடுத்துவிட்டு அஞ்சல் குறியீட்டை வைத்தார்கள், அவ்வளவுதான். அதுவும் நமக்கு இல்லாததால்தான் மாமாவின் தெருவில் ஏற்கெனவே ஓடுகிற பேனல்கள் மாதம் எத்தனை யூனிட் தருகின்றன என்று கேட்க, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்ட வேண்டியிருக்கிறது. அவரும் போய்த் தட்டினார். இரண்டு தெரு தள்ளி ஒருவர் தன் இன்வெர்ட்டர் ஆப்பைத் திறந்து ஓராண்டுக் கணக்கைக் காட்டியிருக்கிறார், 3 கிலோவாட்டுக்கு தினச் சராசரி பன்னிரண்டரை யூனிட். "அந்தப் பதினாறை அடித்துவிட்டு, பன்னிரண்டு என்று கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்க மாமா, அப்புறம் பேசலாம்" என்று பதில் போட்டிருக்கிறேன்.