ஸ்ட்ரைக் நோட்டீஸ் கொடுக்கப் போகிறீர்களா? உள்ளே திரும்பும் வழியை முதலில் யோசியுங்கள்

கேட்டுக்கு எதிரே பந்தல் போடுவது அரை நாள் வேலை. அதைப் பிரித்துவிட்டு, ஒருத்தர் வேலையும் பறிபோகாமல் எல்லோரும் திரும்ப உள்ளே போய் கார்டு பஞ்ச் செய்வதுதான் கஷ்டம். அதற்கு என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும் என்பதை நோட்டீஸ் எழுதும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

முதலில் கோரிக்கைப் பட்டியல். கேன்டீன் சாம்பாரில் ஆரம்பித்து தீபாவளி போனஸ் வரைக்கும் முப்பது கோரிக்கை எழுதிவிடுவோம், பரவாயில்லை, எழுதுங்கள். ஆனால் அதில் எந்த இரண்டு மூன்றுக்காக ஒரு மாதச் சம்பளத்தை விடத் தயார் என்று பொதுக்குழுவில் வெளிப்படையாகக் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். "சம்பளத்தை உயர்த்து" என்று மட்டும் எழுதினால் பேச ஒன்றுமே இருக்காது. அடிப்படைச் சம்பளத்தில் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வருட ஒப்பந்தம் என்று இருக்க வேண்டும்.

அடுத்து, அந்தக் கோரிக்கைக் கடிதத்தை நிர்வாகத்திடம் கொடுத்ததற்கு அத்தாட்சி. எங்கள் கம்பெனியில் முதல் தடவை கடிதத்தைக் கையில் கொடுத்தோம். மேனேஜர் சிரித்துக்கொண்டே வாங்கி மேஜை டிராயரில் போட்டார், டீ கூட வரவழைத்தார். இரண்டு மாதம் கழித்து சமரச அதிகாரி (இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசவைக்கிற அரசு அதிகாரி) முன்னால் அதே மனிதர், "எங்களுக்கு அப்படி ஒரு கடிதமே வரவில்லை சார்" என்றார். நகலில் சீல், தேதி, கையெழுத்து இல்லாமல் வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்பி, டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியையும் எடுத்து வையுங்கள் (2025-இல் பழைய ரிஜிஸ்டர் போஸ்ட்டை அதோடு சேர்த்துவிட்டார்கள்).

நிர்வாகம் பேச வரவில்லை என்றால் தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம் மனு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகம்தான் இதைப் பார்க்கிறது. எந்தப் படிவம், எத்தனை நகல் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், அலைச்சல் மிச்சம்.

சரி, இப்போது நோட்டீஸ். 1947-ஆம் வருட தொழில் தகராறு சட்டப்படி பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான் (ரயில், மின்சாரம், தண்ணீர் போன்றவை) ஸ்ட்ரைக் நோட்டீஸ் கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் எல்லாத் தொழிற்சாலைக்கும் 14 நாள் நோட்டீஸ் கட்டாயம். 14 நாள்தானே என்று நினைக்காதீர்கள், சூட்சுமம் அதற்கு அப்புறம்தான். நோட்டீஸ் போனதும் சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. அது முடியும் வரைக்கும், முடிந்து 7 நாள் வரைக்கும் ஸ்ட்ரைக் செய்தால் சட்டவிரோதம். சமரசம் முறிந்து விவகாரம் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால் அங்கே நடக்கிற வரைக்கும், முடிந்து 60 நாள் வரைக்கும் மறுபடி தடை, அங்கே கொண்டுபோகிற மனுவை நிர்வாகமே போடலாம். ஆகவே நோட்டீஸ் என்பது பெரும்பாலும் பேச்சுவார்த்தை மேஜைக்கு இழுக்கிற கயிறு, அப்படி நினைத்தே எழுதுங்கள். "எல்லோரும் கேஷுவல் லீவு போட்டுவிடலாம்" என்று ஒருத்தர் சொல்வார். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூடிப் பேசி லீவு போட்டால் அதுவும் ஸ்ட்ரைக்தான் என்று புதிய சட்டமே சொல்கிறது. நோட்டீஸ் இல்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வேலைக்கு வராவிட்டால், நிலையாணையில் (ஆலையின் வேலை விதிகளில்) இடமிருக்கும் பட்சத்தில் 8 நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். கறுப்பு பேட்ஜ், வாயிற்கூட்டம், கேன்டீன் புறக்கணிப்பு எல்லாம் முதலில் செய்து பாருங்கள்.

சமரசம் நடக்கும்போது உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. அந்தத் தகராறில் சம்பந்தப்பட்ட விஷயத்தில் வேலை நிலைமைகளை மாற்றவோ, அதை ஒட்டி ஒருவரை நீக்கவோ நிர்வாகத்துக்கு முன் அனுமதி வேண்டும். நடுவில் யாருக்காவது சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், அடுத்த கூட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கூட்டத்தில் யார் பேசுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஐந்து பேர் போய் ஐந்து பேரும் பேசினால், எதிரே இருப்பவர் உங்களுக்குள் யார் இறங்கி வருவார் என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். முடிவில் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். "நிர்வாகம் பரிசீலிக்கும்" என்று இருந்தால் "எந்தத் தேதிக்குள்?" என்று கேளுங்கள். அதிகாரி முகம் சுளிப்பார், மணி ஏழாகிவிட்டது என்பார், விடாதீர்கள்.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கிய ஸ்ட்ரைக் 37 நாள் நடந்து அக்டோபர் 15-இல் முடிந்தது. ஸ்ட்ரைக்கில் கலந்துகொண்டதற்காகப் பழிவாங்கக் கூடாது, கோரிக்கைகளுக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பதெல்லாம் அந்த முடிவில் இருந்தன. சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் வந்தது. பிப்ரவரியில் சங்க நிர்வாகிகளின் சஸ்பென்ஷனை ஒட்டி மறுபடி உள்ளிருப்பு, மே மாதம்தான் சம்பள ஒப்பந்தம். பந்தலைப் பிரித்த பிறகும் ஏழு மாதம் வேலை இருந்தது, பாருங்கள்.

ஒப்பந்தம் என்று வந்தால், முடிந்தவரை சமரச அதிகாரி முன்னிலையில் போடுங்கள். பழைய ஆட்கள் 1947 சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து "12(3) ஒப்பந்தம்" என்பது அதைத்தான். அது மொத்தத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும், சங்கத்தில் சேராதவரையும் சேர்த்து. வெளியே இரண்டு தரப்பும் தனியாகப் போடுகிற "18(1)" ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். சம்பளத் தொகையைப் போலவே மூன்று வரிகளைத் தவறவிடாதீர்கள்: ஸ்ட்ரைக் நாட்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா, அந்த நாட்கள் சர்வீஸில் தொடர்ச்சியாக எண்ணப்படுமா, நிலுவையில் இருக்கும் சார்ஜ் ஷீட்டுகள் (நிர்வாகம் தொழிலாளர்கள் மேல் கொடுத்த குற்றச்சாட்டுக் கடிதங்கள்) என்ன ஆகும். நாங்கள் மூன்றாவதை விட்டுவிட்டோம். எல்லோரும் உள்ளே போன திங்கட்கிழமை காலை, ஆறு பேரின் கார்டு மட்டும் மெஷினில் வேலை செய்யவில்லை.